குடுவைக்குப் பஞ்சம், தொட்டிக்கு மிச்சம்

மீன்தொட்டியிலிருந்து மாற்றி எடுக்கும் பழைய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றினால் தளதளவென்று துளிர்க்கும். முருங்கைக்கும் வாசலோரப் பாண்டான் புதருக்கும் அது நல்ல தீனி. மலாக்காவின் ஜாசின், மெர்லிமாவ், டுரியான் துங்கல் பக்கம் மீன் வளர்க்கும் குடும்பங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே தண்ணீரைப் பக்கத்தில் தொங்கும் குடுவைச் செடிக்கு ஊற்றினால் என்ன ஆகும்? செடி உடனே வாடாது. இலை பச்சைப்பசேலென்று பெருகும். ஆனால் எந்தக் குடுவைகளுக்கு ஆசைப்பட்டு வாங்கினோமோ, அவை ஒவ்வொன்றாகக் காயும், புதிதாகப் பிடிக்காது. விடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் வேர் கருகிச் செடியே போய்விடும்.

ஒன்றுக்கு உரமாவது இன்னொன்றுக்கு ஏன் கேடாகிறது? விடை ஒரே தனிமத்தில் இருக்கிறது: நைட்ரஜன். விவசாயிகள் தழைச்சத்து என்பார்கள். குடுவைச் செடிபோல் பூச்சி தின்னும் செடி, நைட்ரஜன் பஞ்சத்தில் பிழைக்கப் பழகிய உயிர். மீன்தொட்டியோ நைட்ரஜன் மிஞ்சிப்போகும் இடம். இரண்டையும் வீட்டில் வைத்திருப்பவர் ஒரே தனிமத்தின் இரண்டு எல்லைகளைக் காவல் காக்கிறார். இதைப் புரிந்துகொண்டால் கடையில் விற்கும் பாதி மருந்துகளும் பொடிகளும் தேவைப்படாது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நைட்ரஜன் புதிய சரக்கல்ல. 1896இல் தான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக முறையில் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் தாழ்நிலக் காடுகள் பால்மரக் காடுகளாயின, பிறகு செம்பனையாயின. இளங்கன்றுகளுக்கு நடுவே பியூரேரியா, சென்ட்ரோசீமா போன்ற மூடுபயிர்க் கொடிகளைப் படரவிடுவது களையை அடக்க மட்டுமல்ல. அவற்றின் வேர் முடிச்சிலுள்ள நுண்ணுயிரிகள் காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. ரப்பர்ப் பால் கொட்டகையில் மூக்கைத் துளைக்கும் நெடி, வெட்டிய பால் உறைந்துவிடாமலிருக்கக் கலக்கும் அம்மோனியா. அதுவும் நைட்ரஜன் சேர்மம்தான். பாலை உறையவைக்க ஊற்றுவது ஃபார்மிக் அமிலம். அம்மோனியா, அமிலம் என்ற இந்த இரண்டும் மீன்தொட்டிக்குள் மறுபடியும் நம்மைச் சந்திக்கப் போகின்றன.

லேடாங் மலையில் ஒரு தாகம்

பரிணாமக் கொள்கையை டார்வினுக்கு இணையாகத் தனித்துக் கண்ட ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854இல் மலாக்காவுக்கு வந்தார். பறவையும் பூச்சியும் சேகரித்தபடி உள்நாட்டுக்குள் நடந்து, ஆயர் பானாஸில் தங்கி, அங்கிருந்து ஓஃபிர் மலைக்குக் கிளம்பினார். அதுதான் இன்றைய லேடாங் மலை. உயரம் 1276 மீட்டர். சிகரம் ஜொகூர் எல்லைக்குள் நிற்கிறது. ஆனாலும் ஆசகான் வட்டாரத் தோட்டத்து மக்கள் விடிந்ததும் பார்ப்பது அதன் முகத்தைத்தான்.

பாடாங் பத்து என்ற பாறைச் சரிவில் அவருக்கும் உடன் வந்தவர்களுக்கும் நாக்கு வறண்டது. ஊற்று எதுவும் கிடைக்கவில்லை. சுற்றிலும் குடுவைச் செடிகள், ஒவ்வொரு குடுவையிலும் கால் லிட்டருக்குச் சற்று மேலாகத் தண்ணீர், அதில் பூச்சிகள். பார்க்கச் சகிக்கவில்லை என்றாலும் குடித்தபோது நன்றாகவே இருந்தது, கொஞ்சம் வெதுவெதுப்பு மட்டும்தான் குறை என்று 1869இல் வெளிவந்த 'மலாய்த் தீவுக்கூட்டம்' நூலில் எழுதியிருக்கிறார்.

அந்தத் தண்ணீர் வெறும் மழைநீர் இல்லை என்பது பின்னால்தான் தெளிவானது. 1874இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் குடுவைகளுக்குள் முட்டை வெள்ளைக்கருவையும் இறைச்சித் துண்டுகளையும் போட்டு, அவை கரைவதைக் காட்டினார். அடுத்த ஆண்டே டார்வினின் 'பூச்சியுண்ணும் தாவரங்கள்' வந்தது. குடுவை நீரில் புரதத்தை அறுக்கும் நொதி இருக்கிறது. நெப்பந்தசின் என்று அதற்குப் பெயர். நம் இரைப்பையில் சுரக்கும் பெப்சினுக்கு உறவுக்காரன். அமில நீரில்தான் இரண்டும் நன்றாக வேலை செய்யும். செரிமானத்தில் வெளிப்படும் நைட்ரஜனைக் குடுவையின் உட்சுவரே உறிஞ்சிக்கொள்கிறது.

மழையைக் கூலிக்கு அமர்த்திய செடி

நெப்பந்தஸ் என்ற இந்த இனத்தை மலாய்க்காரர்கள் பெரியோக் கெரா என்பார்கள். தீபகற்பத்தின் தாழ்நிலத்தில் பெரிதும் காணப்படுபவை நெப்பந்தஸ் கிராசிலிஸ், ஆம்புலாரியா, ரஃப்லேசியானா, மிராபிலிஸ் ஆகியவை. சாலை போட வெட்டிய சத்தற்ற மண்மேட்டில்கூடக் கிராசிலிஸ் ஏறிப் படர்ந்துவிடும். குடுவை தனி உறுப்பல்ல. இலையின் நுனி கம்பிபோல் நீண்டு, அதன் முனையே உப்பிக் குடுவையாகிறது.

வீனஸ் பூச்சிப்பொறிபோல் இது வாயை மூடுவதில்லை. ஆனால் அதன் விளிம்பில் நுண்ணிய வரப்புகள் இருக்கின்றன. மழையிலோ தேனிலோ அவை நனைந்தால் அவற்றின்மேல் மெல்லிய நீர்ப்படலம் பரவும். எறும்பின் கால் பிடிமானம் இழந்து வழுக்கும். ஹோல்கர் போனும் வால்டர் ஃபெடர்லேயும் 2004இல் இதை அளந்து காட்டினார்கள். காய்ந்த விளிம்பில் எறும்பு சௌகரியமாக உலாவிவிட்டுத் திரும்பும். போய்த் தன் கூட்டத்தையும் அழைத்து வரும். விளிம்பு நனையும் நேரம் பார்த்துக் கூட்டமே உள்ளே விழும்.

கிராசிலிஸின் உத்தி இன்னும் வேடிக்கையானது. அதன் மூடியின் அடிப்பக்கத்தில் தேன் சுரக்கிறது. அங்கே மெழுகுப் படிகங்களும் உண்டு. சாதாரண நேரத்தில் எறும்பு தலைகீழாக ஒட்டிக்கொண்டு நடக்கும் அளவுக்குப் பிடிமானம் இருக்கும். மழை கொட்டும்போது எறும்பு மூடிக்கடியில் ஒதுங்கித் தேன் நக்கும். மேலே ஒரு கனத்த துளி விழும். விறைப்பான மூடி சட்டென்று அதிரும். எறும்பு நேரே குடுவைக்குள் போகும். உல்ரிக்கே பவுர் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2012இல் இதை வெளியிட்டார்கள். தசையும் நரம்பும் இல்லாத செடி, மழையை வேலை வாங்குகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 2000 மில்லிமீட்டர் மழை பெய்யும் மலாக்காவில் அந்த வேலையாளுக்குப் பஞ்சமே இல்லை.

எல்லாக் குடுவையும் பூச்சியையே நம்பியிருப்பதில்லை. குட்டைச் சட்டிபோல் தரையில் கொத்தாக உட்கார்ந்திருக்கும் ஆம்புலாரியாவின் மூடி பின்னால் மடங்கியிருக்கும். மேலேயிருந்து உதிரும் இலைச்சருகுகளை ஏந்துவதற்கு அது தோது. மோரன், கிளார்க், ஹாக்கின்ஸ் மூவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, மர நிழலில் வளரும் ஆம்புலாரியாவின் இலை நைட்ரஜனில் ஏறத்தாழ 36 விழுக்காடு சருகிலிருந்து வருகிறது. அசைவத்தோடு சைவமும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். நோன்புப் பெருநாள் சமயத்தில் சில இடங்களில் கழுவிய குடுவைகளில் புளுட் அரிசியும் தேங்காய்ப்பாலும் நிரப்பி அவித்து 'லெமாங் பெரியோக் கெரா' விற்பார்களே, அதற்கு ஏற்றதும் இந்தச் சட்டி வடிவம்தான்.

குடுவை ஒரு முதலீடு

எல்லாச் செடியும் ஏன் பூச்சி பிடிக்கப் போகவில்லை? 1984இல் தாமஸ் கிவ்னிஷும் சக ஆய்வாளர்களும் இதற்கு ஒரு வரவு செலவுக் கணக்கு போட்டார்கள். குடுவை கட்டுவது கடை வைப்பது மாதிரி. முதல் போட வேண்டும். அந்த முதல், சூரிய ஒளியில் மாவுச்சத்து தயாரிக்கும் இலைப்பரப்பிலிருந்து எடுத்தது. குடுவை ஒளிச்சேர்க்கையில் மட்டம். ஆகவே வெயிலும் தண்ணீரும் தாராளமாக இருந்து, மண்ணில் நைட்ரஜன் மட்டும் தட்டுப்பாடாக இருக்கும் இடத்தில்தான் இந்தக் கடை லாபம் தரும். நிழலில் நட்டம். மண் செழிப்பாக இருந்தால், சும்மா கிடைப்பதற்கு யார் கடை விரிப்பார்கள்?

இதற்கு வட அமெரிக்காவிலிருந்து ஒரு சாட்சி உண்டு. அங்குள்ள சரசீனியா என்ற குடுவைச் செடிக்கு ஆரன் எலிசனும் நிக்கலஸ் கோட்டெல்லியும் நைட்ரஜன் கலந்த நீரை ஊற்றிப் பார்த்தார்கள். செடி குடுவைகளைக் குறைத்துக்கொண்டு தட்டையான இலைகளை விடத் தொடங்கியது. ஆலைப் புகையால் மழைநீரில் நைட்ரஜன் ஏறினாலும் இதே மாற்றம் வரும் என்று 2002இல் எழுதினார்கள். மீன்தொட்டித் தண்ணீர் குடித்த நம் வாசல் செடி குடுவையைக் கைவிடுவதற்கும் இதுதான் காரணம்.

வளர்ப்பு முறை முழுவதும் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கிறது. முதலாவது, இடம். காலை வெயில் நாலைந்து மணி நேரம் படும் வாசல் நல்லது. வரவேற்பறை மூலையில் வைத்தால் இலை இருக்கும், குடுவை இருக்காது. இரண்டாவது, கலவை. தோட்டத்து மண்ணும் சாணமும் வேண்டாம். தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பல தண்ணீரில் ஊறவைத்து உப்பு போகக் கழுவி, ஆற்று மணல், மரக்கரி, பெர்லைட் எது கிடைக்கிறதோ அதைக் கலந்தால் போதும். நீர் நிற்காமல் வடிய வேண்டும், ஈரமும் காயக்கூடாது. மூன்றாவது, தண்ணீர். மழைநீரே தலைசிறந்தது. குழாய்த் தண்ணீரிலும் மீன்தொட்டித் தண்ணீரிலும் கரைந்துள்ள உப்புகள் ஆவியாகாமல் செடித் தொட்டியிலேயே தங்கி, மாதக்கணக்கில் சேர்ந்து வேரைக் கருக்கும்.

நான்காவது, தீனி. இதில்தான் ஆசை கண்ணை மறைக்கும். குழந்தைகள் குடுவைக்குள் கோழி இறைச்சியும் செத்த கப்பி மீனும் போடுவார்கள். சின்னக் குடுவையால் அவ்வளவு புரதத்தைச் செரிக்க முடியாது; அழுகி, குடுவையே கறுத்துச் சாயும். வாசலில் தொங்கும் செடிக்கு எறும்பு தானாகக் கிடைக்கும். கடையிலிருந்து வரும் வழியில் குடுவை நீர் கொட்டிப்போயிருந்தால் கொஞ்சம் மழைநீர் விட்டு வைப்பது மட்டும் நம் வேலை.

தாழ்நில இனங்களே மலாக்காவுக்கு ஏற்றவை. கினபாலு மலைப்பகுதிக்கே உரிய நெப்பந்தஸ் ராஜாவுக்கு இரவில் குளிர் வேண்டும். நம் ஊர் இரவில் அது தாங்காது. கேமரன் மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஆசையாக வாங்கி வரும் வீனஸ் பூச்சிப்பொறியும் அப்படித்தான். அதன் சொந்த ஊர் அமெரிக்காவின் கரோலினா கடலோரம். குளிர்காலத்தில் சில மாதம் உறங்கி எழுந்தால்தான் அது நீடித்து வாழும். ஆண்டு முழுதும் ஒரே கோடையாக இருக்கும் இடத்தில் ஓயாமல் வளர்ந்து களைத்துப் போகும். வளர்க்கத் தெரியவில்லையே என்று யாரும் நொந்துகொள்ள வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை: செடித் தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்குவதை வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லும். அது சதுப்புநிலச் செடிகளான சரசீனியாவுக்கும் பூச்சிப்பொறிக்கும் எழுதியது. நெப்பந்தஸுக்கு அது தேவையில்லை. மேலேயிருந்து ஊற்றி வடியவிட்டால் போதும். நம் ஊரில் தட்டு நீர் என்றால் ஏடிஸ் கொசு. முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். டிங்கிக்கு வழிவிடும் வீட்டுக்காரருக்கு 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அபராதமும் உண்டு. மீன் இல்லாமல் வெளியே கிடக்கும் பழைய கண்ணாடித் தொட்டிக்கும் இது பொருந்தும்.

கண்ணுக்குத் தெரியாத துப்புரவாளர்கள்

இனி மிச்சத்தின் பக்கம். மீன் தின்னும் புரதத்தில் உடம்புக்குப் போக எஞ்சும் நைட்ரஜனை அது பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. ஆற்றில் அது அடித்துக்கொண்டு போய்விடும். நாற்பது லிட்டர் கண்ணாடிக்குள் எங்கே போகும்? மீனும் தின்னாத தீனியும் சேர்ந்து தொட்டியை மெல்ல மெல்லப் பால் கொட்டகையாக்கிவிடும்.

அம்மோனியாவை ஒழிக்கும் வேலையை நுண்ணுயிரிகள் இலவசமாகச் செய்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நைட்ரைட்டும் நஞ்சுதான், மீனின் இரத்தத்தில் பிராணவாயு ஏற்றும் சக்தியைக் கெடுத்து, இரத்தத்தையே பழுப்பாக்கும். நைட்ரேட்டின் தீங்கு மிகவும் குறைவு. வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றினால் அதுவும் கட்டுக்குள் நிற்கும்.

இந்த நுண்ணுயிரிகளைப் பற்றி விஞ்ஞானம் கற்றுக்கொண்டதில் மீன்தொட்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்று நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் சொல்லி வந்தன. 1990களின் பிற்பகுதியில் திமோத்தி ஹோவனெக்கும் சகாக்களும் நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்து, அங்கே அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று கண்டார்கள். 2005இல் அம்மோனியாவை உண்ணும் ஆர்க்கியா வகை நுண்ணுயிர் முதன்முதலில் பிரித்து வளர்க்கப்பட்டது. அது அகப்பட்ட இடம் அமெரிக்காவின் சியாட்டில் நகர மீன் காட்சியகத்தின் கடல்நீர்த் தொட்டி. அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை இரண்டு படியையும் தனியாளாகவே முடிக்கும் நைட்ரோஸ்பைரா இருப்பதை 2015இல் இரண்டு குழுக்கள் அறிவித்தன. அவற்றில் ஒன்று தேடிய இடம் மீன் வளர்ப்புப் பண்ணையின் வடிகட்டி.

இவை தண்ணீரில் மிதந்து திரிவதில்லை. வடிகட்டியின் பஞ்சிலும் அடிமணலிலும் ஒட்டிக்கொண்டு வாழும். மிக மெதுவாகப் பெருகும். புதுத் தொட்டியில் அவை போதிய அளவுக்குக் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். சனிக்கிழமை தொட்டி வாங்கி, அன்றைக்கே இருபது மீனை விட்டு, அடுத்த வாரம் ஒவ்வொன்றாக அள்ளிப் போடும் வீடுகளில் நடப்பது இதுதான். முதலில் இரண்டு மூன்று மீன், கொஞ்சம் தீனி, பிறகு பொறுமை. பழைய தொட்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் அழுக்குப் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கிவந்து வடிகட்டியில் வைத்தால் காத்திருப்பு குறையும். அந்தப் பஞ்சைப் பளிச்சென்று குழாய் நீரில் கழுவுவது பெரிய தப்பு. குழாய்த் தண்ணீரின் குளோரின் கிருமியை மட்டும் கொல்வதில்லை, இந்தத் துப்புரவாளர்களையும் கொல்லும். மாற்றி எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசிப் பிழிந்தால் போதும். புதுத் தண்ணீரை விடுமுன் கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் சேர்க்க வேண்டும். அது சோடியம் தயோசல்பேட் என்ற மலிவான உப்பு.

தண்ணீர் மாற்றிய அன்றே மீன் சாவது ஏன்?

நெடுநாள் கவனிக்காமல் விட்ட தொட்டியைச் சுத்தம் செய்த அன்று இரவே எல்லா மீனும் மிதந்ததாகப் பலர் சொல்வார்கள். அழுக்கில் நன்றாக இருந்த மீன் சுத்தத்தில் ஏன் செத்தது? இங்கேதான் அமிலம் வருகிறது.

தண்ணீரில் அம்மோனியா இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று அம்மோனியா வாயு. செவுளுக்குள் எளிதில் புகுந்து கொல்லும். மற்றது அம்மோனியம் அயனி. அவ்வளவாக உள்ளே புகாது. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் அமிலத்தன்மை தீர்மானிக்கிறது; பிஎச் எண் குறையக் குறைய அமிலம் கூடும். 28 பாகை வெப்பத்தில் பிஎச் 6 என்றால் மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நஞ்சு உருவத்தில் இராது. பிஎச் 7 என்றால் சுமார் 0.7 விழுக்காடு. பிஎச் 8இல் ஆறரை விழுக்காட்டைத் தொடும். ஒவ்வொரு படி ஏறும்போதும் நஞ்சு ஏறத்தாழ பத்து மடங்காகிறது.

நுண்ணுயிரிகள் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும்போது அமிலம் பிறக்கும். தண்ணீர் மாற்றாத தொட்டி மாதக்கணக்கில் புளித்துக்கொண்டே போகும். புளிப்பு மிஞ்சினால் அந்த நுண்ணுயிரிகளே சோர்ந்துவிடும், அம்மோனியா தேங்கும். ஆனால் அமில நீரில் அது அம்மோனியமாக அடங்கிக் கிடப்பதால் மீன் தாக்குப் பிடிக்கும். ஒரு நல்ல நாளில் முக்கால் தொட்டியைக் காலி செய்து குழாய்த் தண்ணீரை நிரப்புகிறோம். அதன் பிஎச் பெரும்பாலும் 7ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அடங்கிக் கிடந்தது சட்டென்று நஞ்சாக எழுகிறது. ஆகவே, பாழடைந்த தொட்டியை ஒரே நாளில் திருத்தக் கூடாது. தினம் பத்தில் ஒரு பங்கு மாற்றி, பல நாளில் வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

கால்வாய்ச் சண்டைக்காரர்கள்

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மீன் வளர்ப்பு பெரும்பாலும் சண்டை மீனில்தான் தொடங்கும். கால்வாயிலும் வயலோரத்திலும் பிடித்து, ஜேம் போத்தலில் அடைத்து, இரண்டு போத்தலை ஒட்ட வைத்து வேடிக்கை பார்ப்பது. தீபகற்பத்தின் வயல்களிலும் கால்வாய்களிலும் இயல்பாக வாழ்வது பெட்டா இம்பெல்லிஸ். 1975இல்தான் இதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. கடையில் பட்டுச் சேலைபோல் துடுப்பு விரிப்பது தாய்லாந்து வழிவந்த பெட்டா ஸ்ப்லெண்டென்ஸ். மனிதர் அதைப் பழக்கத் தொடங்கிக் குறைந்தது ஆயிரம் ஆண்டாவது ஆகியிருக்கும் என்று 2022இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது.

சண்டை மீன், செப்பாட் போன்றவற்றின் தலைக்குள் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு இருக்கிறது. மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கி அதன் வழியாகவே சுவாசிக்கும். பிராணவாயு குறைந்த சேற்றுக் குட்டையில் அவை பிழைப்பது இதனால்தான். இதை வைத்துத்தான் போத்தலே போதும் என்று எண்ணிவிடுகிறோம். காற்றை மேலே வாங்கிக்கொள்ளலாம், அம்மோனியாவை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? கால் லிட்டர் போத்தலில் நுண்ணுயிரிக்கும் இடமில்லை, கழிவு நீர்த்துப்போகவும் வழியில்லை. பத்து லிட்டருக்குக் குறையாத தொட்டி, ஒரு சிறு பஞ்சு வடிகட்டி, மீன் துள்ளிவிடாமல் ஒரு மூடி. அதற்குமேல் அது ஒன்றும் கேட்காது.

காய்ந்த கெத்தாப்பாங் இலையைச் சண்டை மீன் தொட்டியில் போடும் வழக்கத்திலும் விஷயம் இருக்கிறது. நாம் நாட்டு வாதுமை என்னும் மரம்தான் அது. இலையிலிருந்து இறங்கும் டானினும் கரிம அமிலங்களும் தண்ணீரைத் தேநீர் நிறமாக்கி, பிஎச்சைச் சற்றுத் தாழ்த்தும். அம்மோனியா கணக்கு இப்போது நமக்குத் தெரியும். பிஎச் கொஞ்சம் தாழ்ந்தாலே மீனுக்கு மூச்சு விட முடியும்.

இரண்டும் ஒன்றாகும் இடம்

பூச்சி தின்னும் செடியும் மீனும் ஒரே தொட்டியில் இருக்க முடியுமா? முடியும். குட்டைகளிலும் வயல்களிலும் மிதக்கும் யூட்ரிக்குலேரியா அப்படிப்பட்ட செடி. வேர் கிடையாது. நூல்போன்ற இலைகளில் கடுகளவு பைகள் தொங்கும். பைக்குள்ளிருந்து தண்ணீரை வெளியேற்றி உள்ளே இழுவிசையை ஏற்றி வைத்திருக்கும். நீர்த்தெள்ளு ஒன்று வாசல் மயிரைத் தொட்டதும் கதவு திறந்து, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் தண்ணீரோடு இரையை உறிஞ்சிவிடும். செடி உலகின் மிக வேகமான அசைவுகளில் இதுவும் ஒன்று. நீர்ப்பாசிக் கொத்தோடு தெரியாமல் தொட்டிக்குள் வந்துவிடும் யூட்ரிக்குலேரியா கிப்பாவின் மரபணுத் தொகுப்பு 2013இல் படிக்கப்பட்டது. மொத்தம் சுமார் 8 கோடியே 20 லட்சம் எழுத்துகள்தான். மனிதனுக்கு 300 கோடிக்கு மேல். பெரிய மீனுக்கு இச்செடியால் ஆபத்தில்லை. பெரிய பைகள் உள்ள இனங்கள் பொரிந்த மீன்குஞ்சுகளைச் சிலசமயம் கவ்வும். ஆகவே குஞ்சுத் தொட்டியில் மட்டும் வேண்டாம்.

இயற்கையில் குடுவைச் செடியும் மீனும் அண்டை வீட்டுக்காரர்கள். ஜொகூர், சிலாங்கூர் கரிச்சதுப்பு நிலக் காடுகளில் தண்ணீர் கறுந்தேநீராக இருக்கும்; பிஎச் 4ஐ ஒட்டி நிற்கும். கரையில் ஆம்புலாரியா சருகு ஏந்திக்கொண்டிருக்கும். நீருக்குள் விரல் நீளம்கூட இல்லாத காட்டுப் பெட்டா இனங்கள் வாழும். அவற்றில் ஒன்றான பெட்டா பெர்செஃபோனே ஜொகூரின் ஆயர் ஈத்தாம் பக்கத்துச் சதுப்பிலிருந்து அறியப்பட்டது. அந்தக் காட்டில் நைட்ரஜன் பஞ்சம்; செடி அதற்குப் பொறி வைத்தது. தண்ணீரில் அமிலம், மீன் அதற்குத் தன்னைப் பழக்கிக்கொண்டது. நம் வாசலில் தனித்தனியாக வைத்திருக்கும் இரண்டும் அங்கே ஒரே கணக்கின் வரவும் செலவும். வடிகால் வெட்டிச் செம்பனை நட்டபோது அந்தக் கணக்கின் பெரும்பகுதி அழிந்துபோனது.

எஞ்சியிருப்பதைக் காப்பதில் வளர்ப்பவர்களுக்கும் பங்குண்டு. நெப்பந்தஸ் இனங்களில் இரண்டைத் தவிர மற்றவை எல்லாம், வனவுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும், நெப்பந்தஸ் ராஜாவும் மேகாலயாவின் காசியானாவும் முதல் பட்டியலிலும் உள்ளன. 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி, ஒதுக்கிய காட்டிலிருந்து உரிமமின்றிச் செடி எடுப்பது குற்றம். லேடாங் மலை ஏறப் போகிறவர்கள் ஞாபகத்துக்கு ஒரு குடுவையைப் பிடுங்கி வருவதில் பயனும் இல்லை. மலைச் செடி கீழே பிழைக்காது. தண்டுப் பதியனில் வளர்த்த தாழ்நிலச் செடிகள் நாற்றுப்பண்ணைகளில் சில பத்து வெள்ளிக்கே கிடைக்கின்றன.

மீனுக்கு எதிர்ப்பக்க எச்சரிக்கை: எடுப்பதைவிட விடுவது ஆபத்து. தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்ய வாங்கி, பெருத்ததும் ஆற்றில் வீசப்பட்ட பண்டாராயா மீன் இன்று தீபகற்பத்து ஆறுகளில் கரையை அரித்து, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கால்வாயில் விடும் கடைச் சண்டை மீன் உள்ளூர் இம்பெல்லிஸோடு கலந்து அதன் வம்சத்தையே மாற்றிவிடும். வேண்டாத மீனைக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். இல்லையென்றால் வளர்க்கும் இன்னொருவரிடம் கொடுங்கள். மலாக்கா ஆற்றிலோ கெசாங் ஆற்றிலோ விடாதீர்கள்.

மற்றபடி இந்த இரண்டு பொழுதுபோக்குக்கும் பெரிய செலவில்லை. செடிக்கு மழைநீரும் வெயிலும் கொடுங்கள், உரம் கொடுக்காதீர்கள். மீனுக்குத் தீனியைக் குறையுங்கள், தண்ணீரை வாராவாரம் கொஞ்சமாக மாற்றுங்கள். மாற்றிய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றுங்கள்.